பீச் பழம் இல்லாத ஊரில் பீச் கொப்ளர்

2022 ஆம் ஆண்டு ஜூன் மாதம். எரிபொருள் தட்டுப்பாட்டினால் நகரப் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. வீட்டில் அடைபட்டுக் கிடந்த என் மகள் யாரோ கொடுத்த பழைய சமையல் புத்தகமொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு படத்தைக் கொண்டு வந்து என் முன்னே நீட்டினாள். பொன்னிறமாக வெந்த மாத்துண்டுகள். அவற்றின் இடைவெளியெல்லாம் செம்மஞ்சள் நிறத்தில் பழச்சாறு கொப்புளித்து வழிகிறது. கீழே பெயர்: பீச் கொப்ளர்.

"அம்மா, இதைச் செய்வோமா?"

அடுத்த நாள் கண்டி நகருக்குப் போன வேளை, கடையில் டின்னில் அடைத்த பீச் பழத்தைத் தேடி எடுத்தேன். விலையைப் பார்த்தேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். டின்னை வாங்கியிருந்தாலும் எதில் வேகவைப்பது? சமையல் எரிவாயு இல்லை. 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,500 ரூபாவுக்கும் குறைவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாகியிருந்தது. அந்த விலையைக் கொடுக்க ஆயத்தமாக இருந்தாலும் நாட்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். மின்சாரப் போறணையை நம்பலாமென்றால் மின்வெட்டு. அந்த மாதங்களை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம்.

முற்றத்தில் விறகடுப்பை மூட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தார். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். இப்போது கட்டுகஸ்தோட்டையில் எங்களுக்கு அயலவர். உறவில் பெரியம்மா அல்ல. வயதுக்கு மரியாதையாக அப்படியே அழைத்துப் பழகிவிட்டோம்.

"என்னா புள்ள, மொகம் வாடிக் கெடக்கு?"

விடயத்தைச் சொன்னேன். படத்தைக் கையில் வாங்கிக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இதுக்குப் போறண என்னாத்துக்கு? சட்டி இருக்கு, செரட்டக் கரி இருக்கு. பீச்சஸ் இல்லாட்டி என்னா, மாம்பழம் இருக்குதானே!"

அன்று மாலை எங்கள் முற்றத்தில், சட்டிக்குக் கீழேயும் மூடிக்கு மேலேயும் தணல் போட்டு வெந்த அந்தப் பலகாரத்தின் கதைதான் இது. சாப்பிட்ட கதை மட்டுமல்ல. அதைப் பெரியம்மா விற்கத் தொடங்கிய கதையும், விற்று நட்டப்பட்ட கதையும், அந்த நட்டம் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடமும் இதில் உண்டு.

கொப்ளர் என்றால் என்ன?

கொப்ளர் என்பது அமெரிக்கக் குடியேறிகளின் வீட்டுப் பலகாரம். இங்கிலாந்திலிருந்து போனவர்களுக்குத் தங்கள் ஊர்ப் பழப் பணியாரங்களைச் செய்ய ஆசை. ஆனால் புதிய இடத்தில் நல்ல போறணையும் இல்லை, மாவை மெல்லியதாகத் தேய்த்து மடித்து அழகு பார்க்க நேரமும் இல்லை. எனவே கிடைத்த பழத்தைச் சீனியுடன் பாத்திரத்தில் போட்டார்கள். பிசைந்த மாவை மேலே கிள்ளிக் கிள்ளி வைத்தார்கள். கனமான இரும்புச் சட்டியில் மூடி, கீழேயும் மூடியின் மேலேயும் தணல் போட்டு வேகவைத்தார்கள். வெந்தபின் அதன் மேற்பரப்பு உருண்டைக் கல் பதித்த தெருவைப் போலத் தெரிவதால் இந்தப் பெயர் வந்ததென்று சொல்வார்கள்.

ஆக, போறணை உள்ள பணக்கார வீட்டுக்கென்று பிறந்த பலகாரமல்ல இது. போறணை இல்லாதவர்கள் கண்டுபிடித்தது. மேலும் கீழும் நெருப்பு வைத்துச் சுடும் முறை நமக்கும் புதிதல்ல. சிங்கள அயலவர் வீடுகளில் தேங்காயும் பாணியும் சேர்த்துச் செய்யும் பிபிக்கன் அப்படித்தான் சுடப்பட்டு வந்தது. பெரியம்மா இந்த முறையைத் தன் தாயிடம் படித்தார். தாயாருக்கு அதைக் காட்டிக் கொடுத்தவர் தோட்டத்துப் பங்களாவில் சமைத்த அப்பு.

பீச் ஏன் கண்டியில் காய்ப்பதில்லை?

பீச் பழத்தின் தாயகம் சீனா. அங்கிருந்து பாரசீகம் வழியாக மேற்கு நாடுகளுக்குப் போனது. குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் மரம் அது. போதிய மணித்தியாலங்கள் குளிரில் இருந்தால்தான் அடுத்த பருவத்தில் ஒழுங்காகப் பூக்கும். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலேயே இருக்கிறது. பீச்சுக்கு இந்தக் குளிர் போதாது. 1,800 மீற்றருக்கு மேலேயுள்ள நுவரெலியாவிலும் வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களிலும், குறைந்த குளிரே போதுமான இனங்கள் ஓரளவு வளர்கின்றன. அந்தப் பழங்கள் கண்டிச் சந்தைக்கு வருவது அருமை.

பெரியம்மாவுக்கு "பீச்சஸ்" என்ற பெயர் எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியம். அவருடைய அக்கா, 1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போனவர். அப்படிப் போனவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாட்டு அரசு நீலகிரி மலையில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அக்காவும் கோத்தகிரிப் பக்கம் அப்படியொரு தோட்டத்தில் கொழுந்து பறித்தார். நீலகிரியில் பிளம்ஸ், பீச்சஸ் எல்லாம் உண்டு. "இங்கே சித்திரை, வைகாசியில் பீச்சஸ் பழுக்கும், மேலே பூனை முடி போல இருக்கும்" என்று அக்கா கடிதம் எழுதுவாராம். பெரியம்மா அந்தப் பழத்தைக் கண்ணால் கண்டதில்லை. கடிதத்தில் படித்ததோடு சரி.

அதனால்தானோ என்னவோ, "பீச்சஸ் இல்லாட்டி என்னா" என்று அவரால் அவ்வளவு இலேசாகச் சொல்ல முடிந்தது!

எந்தப் பழம் பொருந்தும்?

பீச்சுக்கு நிறத்திலும் சதைப்பற்றிலும் மிகக் கிட்டிய பழம் மாம்பழம். ஆனால் நன்கு கனிந்து குழைந்த பழம் வேண்டாம். அமுக்கினால் சிறிது இறுக்கமாக இருக்கும் பழமே நல்லது; வெந்தபின்பும் துண்டு துண்டாக நிற்கும். மாம்பழம் மூன்று பங்கு, அன்னாசி ஒரு பங்கு என்று கலந்தால் பீச்சின் இனிப்பும் புளிப்பும் சேர்ந்த சுவை ஓரளவு வந்துவிடும். நுவரெலியாப் பாதையோரங்களில் விற்கும் பேரிக்காயும் நல்லது. அது கெட்டியான பழம். ஆகையால் முதலில் பத்து நிமிடம் சீனியுடன் வேகவைத்துக்கொள்ள வேண்டும். வாழைப்பழம், பப்பாசி போன்றவை தனியே போட்டால் கூழாகிவிடும்.

பருவத்தில் நம் வீட்டு மரத்தடிகளில் எவ்வளவு மாம்பழம் விழுந்து அழுகுகிறது! இலங்கையில் விளையும் பழம், மரக்கறிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அறுவடைக்குப் பிறகு வீணாகிறதென்று விவசாயத் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஒரு பக்கம் அடிபட்ட பழத்தைச் சந்தையில் எவரும் வாங்குவதில்லை. பழுதான பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிகுதியைப் பயன்படுத்தலாம். பூஞ்சணம் பிடித்த பழத்தை மட்டும் முழுதாகவே எறிந்துவிடுங்கள்.

டின் பீச் கிடைத்தால் பாகை வடித்துவிட்டுப் பழத்தை எடுங்கள். வடித்த பாகில் கால் கோப்பை மட்டும் சேர்த்தால் போதும். வேறு சீனி தேவையில்லை. புதிய பீச் பழமே கிடைத்துவிட்டால், கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்து உடனே குளிர்ந்த நீரில் இடுங்கள். தோல் தானாகக் கழன்று வரும்.

தேவையான பொருட்கள் (ஆறு முதல் எட்டுப் பேருக்கு)

பழக் கலவைக்கு:
துண்டுகளாக வெட்டிய பழம் – 4 கோப்பை (ஏறத்தாழ 750 கிராம்)
சீனி – 75 கிராம் (பழம் நல்ல இனிப்பென்றால் 50 கிராம்)
சோள மா – 1 மேசைக்கரண்டி
தேசிக்காய்ச் சாறு – 1 மேசைக்கரண்டி
கறுவாத் தூள் – அரைத் தேக்கரண்டி
உப்பு – ஒரு சிட்டிகை

மேல் மாவுக்கு:
கோதுமை மா – ஒன்றரைக் கோப்பை (ஏறத்தாழ 190 கிராம்)
பேக்கிங் பவுடர் – 2 தேக்கரண்டி
சீனி – 3 மேசைக்கரண்டி
உப்பு – கால் தேக்கரண்டி
குளிர்ந்த பட்டர் அல்லது மாஜரின் – 75 கிராம்
பால் – அரைக் கோப்பை (120 மில்லிலீற்றர்)

பசும்பால் இல்லையென்றால் அரைக் கோப்பைத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பால்மாவைக் கரைத்துக்கொள்ளலாம். தேங்காய்ப்பாலும் சேர்க்கலாம், மணம் வேறு விதமாக நன்றாக இருக்கும். கோதுமை மாவில் அரைக் கோப்பையைக் குறைத்து அதற்குப் பதிலாகக் குரக்கன் மா சேர்த்தால் நிறம் கறுக்கும், சுவை கூடும்.

செய்முறை

1. பழத்துண்டுகளுடன் சீனி, சோள மா, தேசிக்காய்ச் சாறு, கறுவாத் தூள், உப்பு ஆகியவற்றைக் கலந்து கால் மணி நேரம் வையுங்கள். பழம் சாறு விடும்.

2. அதை அடுப்பில் வைத்து, சாறு சற்றுத் தடிப்பாகிக் கொதிக்கும் வரை கிளறுங்கள். ஐந்து நிமிடம் போதும். பழம் குழையக் கூடாது.

3. மா, பேக்கிங் பவுடர், சீனி, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாக அரித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த பட்டரைச் சிறு துண்டுகளாக்கிப் போட்டு, விரல் நுனியால் உதிரியாகப் பிசிறுங்கள். உள்ளங்கை படக்கூடாது, சூட்டில் பட்டர் உருகிவிடும். கலவை பாண் தூளைப் போலிருக்க வேண்டும்.

4. பாலை ஊற்றி, கரண்டியால் மாவைச் சேர்த்தெடுங்கள். றொட்டிக்குப் போல அடித்துப் பிசைய வேண்டாம். பிசைந்தால் மாவில் இழுவைத் தன்மை ஏறி, வெந்தபின் இறப்பர் போலாகிவிடும். ஒட்டும் பதத்தில் கட்டியும் முட்டியுமாக இருப்பதே சரி.

5. கொதிக்கக் கொதிக்கப் பழக் கலவையைப் பாத்திரத்தில் ஊற்றி, உடனே மாவைக் கரண்டி கரண்டியாக மேலே வையுங்கள். இடையிடையே இடைவெளி இருக்கட்டும். ஆவி வெளியேற வழி வேண்டும். பழம் சூடாக இருந்தால்தான் மாவின் அடிப்பக்கமும் வேகும். பலர் தவறு விடுவது இங்கேதான்: ஆறிய பழத்தின் மேல் மாவை வைப்பார்கள், மேலே சிவந்திருக்கும், அடியில் பச்சை மாவாக இருக்கும்.

6. போறணை உள்ளவர்கள் 190 பாகை செல்சியசுக்கு முன்கூட்டியே சூடாக்கி, 35 முதல் 45 நிமிடம் வேகவையுங்கள். மேலே பொன்னிறமாகி, ஓரங்களில் சாறு தடிப்பாகக் கொப்புளிக்க வேண்டும். மாவின் நடுவில் ஈர்க்குக் குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

7. இறக்கியதும் பரிமாற வேண்டாம். இருபது நிமிடம் ஆறினால்தான் சாறு இறுகும். பிள்ளைகள் சுற்றி நின்று அவசரப்படுத்துவார்கள். ஆனால் சூடான பழப்பாகு நாக்கைச் சுட்டுவிடும், கவனம்!

போறணை இல்லாதவர்களுக்கு

பெரியம்மா செய்து காட்டிய முறை இது. கனமான பெரிய சட்டியொன்றை எடுங்கள். அடியில் ஓர் அங்குல உயரத்துக்கு உலர்ந்த மணலைப் பரப்புங்கள். விளிம்பு உயர்ந்த தட்டையான உலோகத் தட்டமொன்றால் மூடுங்கள். அடுப்பில் மிதமான தணலில் பத்து நிமிடம் வெறும் சட்டியைச் சூடாக்குங்கள். பிறகு கொப்ளர் உள்ள அலுமினியப் பாத்திரத்தை மணலின் மேல் வைத்து மூடி, தட்டத்தின் மேல் தணலைப் பரப்புங்கள். கண்ணாடி, பிளாஸ்ரிக் பாத்திரங்கள் கூடாது. ஒட்டாத பூச்சுள்ள சட்டிகளும் வேண்டாம்.

இதில் ஒரு கணக்கு உண்டு. மூன்று பங்கு தணல் இருந்தால், கீழே ஒரு பங்கு, மேலே இரண்டு பங்கு. கீழே கூடினால் பழம் அடிப்பிடித்துவிடும். மேலே குறைந்தால் மா வெளிறிப்போய் ஆவியில் வெந்த பிட்டைப் போலிருக்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரி நின்று எரிவதால் மிக நல்லது. இருபத்தைந்து நிமிடமானதும் மேலே புதிய தணல் சேர்க்க வேண்டும். மொத்தம் 45 முதல் 55 நிமிடம் ஆகும். அடிக்கடி திறந்து பார்த்தால் சூடு போய்விடும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. கரித்தணலை மூடிய அறைக்குள் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். மணமோ நிறமோ இல்லாத காபன் மொனொக்சைட் வாயு உயிரையே பறித்துவிடும். முற்றத்தில் அல்லது நன்கு காற்றோட்டமுள்ள அடுப்படியில் மட்டும் செய்யுங்கள். சிறு பிள்ளைகளைத் தள்ளியே நிறுத்துங்கள்.

விற்ற கதை

முதல் நாள் கொப்ளரைப் பக்கத்து வீடுகளுக்கும் பங்கிட்டோம். ஒரு வாரத்தில், "எங்களுக்கும் ஒன்று செய்து தர முடியுமா? காசு தருகிறோம்" என்று கேட்டு வந்தார்கள். பெரியம்மாவின் மகனுக்கு அப்போது கூலி வேலை இல்லை. வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள். எனவே பெரியம்மா துணிந்து இறங்கினார். வாரத்துக்கு நான்கைந்து பாத்திரம் விற்றது. எல்லோருக்கும் சந்தோசம்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் அவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து சோர்ந்து உட்கார்ந்தார்.

"விக்கிறது எல்லாம் விக்குது புள்ள. ஆனா கையில ஒண்ணும் நிக்கல. மா வாங்கக் கடன் வேற."

இருவரும் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்க்க உட்கார்ந்தோம். மா, சீனி, மாஜரின், பழம் – இவை எல்லாம் எழுதியிருந்தார். விறகும் கரியும்? "அது வீட்டுல இருந்துச்சு." பெட்டி? "அது மகன் வாங்கிக் குடுத்தான்." கொண்டுபோய்க் கொடுத்த பஸ் காசு? எழுதவில்லை. கடைசியாகக் கேட்டேன்: "பெரியம்மா, உங்கள் கைவேலைக்கு எவ்வளவு?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எங் கைவேலைக்கு யாரு புள்ள காசு குடுப்பா? அது சும்மா செய்யிறதுதானே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருடம் மலையில் கொழுந்து பறித்தவர் அவர். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டுமென்று எத்தனை ஆண்டுகள் போராட்டம்! 2021 மார்ச் மாதத்தில்தான் அது வர்த்தமானியில் வந்தது. 2024 இல் 1,350 ரூபாவானது. மலையில் தன் கைவேலைக்கு விலை உண்டென்று தெரிந்து, அதற்காகத் தெருவில் இறங்கி நின்ற அதே பெண், தன் அடுப்படியில் அந்தக் கைவேலையைச் "சும்மா" என்கிறார். அவர் மட்டுமா? நாமெல்லோரும் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

கொப்ளர் பிறந்த அமெரிக்காவிலும் இப்படியொரு பெண் இருந்தார். மலிண்டா ரஸல் என்ற கறுப்பினப் பெண்மணி. டெனஸி மாநிலத்தில் விடுதியும் பணியாரக் கடையும் நடத்தி, கணவனை இழந்த நிலையில் ஊனமுற்ற மகனைக் காப்பாற்றியவர். உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1864 இல், ஆயுதக் கும்பலொன்று அவருடைய சேமிப்பைக் கொள்ளையடித்தது. மகனுடன் மிச்சிகன் மாநிலத்துக்குப் போய், 1866 இல் தன் சமையல் குறிப்புகளைப் புத்தகமாக அச்சிட்டார். பெரும்பாலும் கேக், பணியார வகைகள்தான். அதை விற்று ஊர் திரும்பப் பணம் சேர்ப்பதே தன் நோக்கமென்று முன்னுரையில் வெளிப்படையாகவே எழுதினார். கறுப்பினப் பெண்ணொருவர் எழுதியதாக இதுவரை அறியப்பட்ட சமையல் நூல்களில் அதுவே மிகப் பழையது. தன் கைவேலைக்கு விலை கேட்க அவர் வெட்கப்படவில்லை.

கணக்கு இப்படித்தான்

அன்று நாங்கள் போட்ட கணக்கின் முறையை இங்கே தருகிறேன். விலைகள் நாளுக்கு நாள் மாறுபவை. எனவே கீழேயுள்ளவை விளங்கிக்கொள்வதற்காக எடுத்த எண்கள் மட்டுமே. எட்டுத் துண்டுகள் கொண்ட ஒரு பாத்திரம் என்று வைத்துக்கொள்வோம்.

மா, பழம், சீனி முதலியன – 900 ரூபா
விறகு, கரி – 60 ரூபா
எட்டுப் பெட்டிகள் – 160 ரூபா
போக்குவரத்து – 80 ரூபா
ஒன்றரை மணி நேர உழைப்பு – 253 ரூபா
கூட்டுத்தொகை – 1,453 ரூபா
பழுதாவது, பாத்திரத் தேய்மானம் (பத்து வீதம்) – 145 ரூபா
ஆக மொத்தம் – 1,598 ரூபா

உழைப்பின் விலையை எப்படிக் கண்டோம்? 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளமான 1,350 ரூபாவை எட்டு மணித்தியாலத்தால் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 169 ரூபா. இது மிகக் குறைந்த அளவு. உங்கள் கைத்திறனுக்கு இதைவிடக் கூடுதலாகவும் வைக்கலாம், குறைத்து வைக்காதீர்கள்.

1,598 ரூபாவை எட்டால் வகுத்தால் ஒரு துண்டின் அடக்கவிலை 200 ரூபா. ஆனால் பொருள் செலவான 900 ரூபாவை மட்டும் கணக்கில் எடுத்து, ஒரு துண்டை 125 ரூபாவுக்கு விற்றால் என்ன ஆகும்? எட்டுத் துண்டுக்கு 1,000 ரூபா வரும். "நூறு ரூபா லாபம்" என்று மனம் மகிழும். உண்மையில் கரி, பெட்டி, பஸ் காசு சேர்த்துக் கையிலிருந்து போனது 1,200 ரூபா. உழைப்பைச் சேர்க்காமலேயே இருநூறு ரூபா நட்டம்! பெரியம்மாவின் கடன் இப்படித்தான் ஏறியது.

விலையைக் கூட்டினால் வாங்க மாட்டார்களே என்ற பயம் அவருக்கு. நியாயமான பயம்தான். எனவே செலவைக் குறைக்கவும் வழி பார்த்தோம். ஒரே தணலில் இரண்டு சட்டிகளை அடுத்தடுத்து வைத்தால் கரியும் மிச்சம், நேரமும் மிச்சம். இரண்டு பாத்திரத்துக்கு மூன்று மணி நேரமல்ல, இரண்டு மணி நேரமே ஆயிற்று. தனித்தனிப் பெட்டிக்குப் பதிலாக, வாங்குபவர்களையே தங்கள் பாத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னோம். பருவ காலத்தில் பழத்தை மொத்தமாக வாங்கினோம். விலையையும் கூட்டினோம். இரண்டு வீடுகள் நின்றுவிட்டன. மற்றவர்கள் தொடர்ந்து வாங்கினார்கள். கொப்பியில் "கைவேலை" என்று முதன்முதலாக ஒரு வரி எழுதி, அதற்கு நேரே தொகையை இட்டபோது பெரியம்மாவின் கை சற்று நடுங்கியதை நான் பார்த்தேன்.

விற்க நினைக்கும் சகோதரிகளுக்கு

வீட்டில் செய்து விற்பதானாலும் சுத்தமும் சட்டமும் முக்கியம். நம் நாட்டில் உணவு விற்பனை 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதலிலேயே சந்தித்து, என்னென்ன தேவையென்று கேட்டறியுங்கள். அவர் வந்து குற்றம் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வியாபாரப் பெயர்ப் பதிவு பற்றிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். பொதியில் பெயர், சேர்த்த பொருட்கள், செய்த திகதி, காலாவதித் திகதி, நிறை, விலை, உங்கள் முகவரி ஆகியவை இருக்கட்டும். கொப்ளரில் பழச்சாறு இருப்பதால் வெளியே வைத்தால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் இருக்கும்.

கண்டிப் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு வாய்ப்பு அருகிலேயே உண்டு. பேராதனை, கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் உணவு ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. பழங்களைப் பதனிடுவது பற்றி அங்கே விசாரிக்கலாம். அதே கன்னொறுவையில், திணைக்களத்தின் ஆதரவுடன் பெண்களே சமைத்து விற்கும் ஹெல போஜுன் உணவகத்தையும் ஒரு முறை போய்ப் பாருங்கள். அரிசி மா, குரக்கன் மா ஆகியவற்றால் செய்த பலகாரங்களை நம்மைப் போன்ற பெண்கள் எப்படிச் சுட்டு, எப்படி அடுக்கி, எப்படி விலை சொல்லி விற்கிறார்கள் என்று பார்த்தாலே பாதிப் பயிற்சி கிடைத்துவிடும்.

இனிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீரிழிவு உள்ள வீடுகளில் இதை நாளாந்த உணவாக்க வேண்டாம். பழத்தின் சீனியை முற்றாகவே தவிர்க்கலாம். பழுத்த மாம்பழத்தின் இனிப்பே போதும். ஆனாலும் மாவும் பழமும் இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டுவனதான். நோயாளிகள் ஒரு சிறு துண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அந்த எரிவாயு வரிசைகள் பின்னர் மறைந்தன. எங்கள் வீட்டிலும் சிலிண்டர் இருக்கிறது. ஆனாலும் மாம்பழக் காலத்தில் பெரியம்மாவின் முற்றத்தில் சிரட்டைக் கரி மணக்கத்தான் செய்கிறது. சென்ற பருவத்தில் என் மகள் எங்கிருந்தோ ஒரு டின் பீச் வாங்கி வந்தாள். பெரியம்மா ஆயுளில் முதன்முறையாகப் பீச் பழத்தை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டோம்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "அக்கா எழுதுனது உண்மதான்." சற்று நேரம் பேசாமல் இருந்தவர், பிறகு சொன்னார்: "ஆனா நம்ம மாம்பழந்தான் கட்டுப்படியாவும். டின்னுல செஞ்சா ஒரு துண்டு என்னா வெல வரும், பாத்தியா?"

சகோதரிகளே, இந்தப் பருவத்தில் நீங்களும் ஒரு முறை செய்து பாருங்கள். வீட்டுக்கென்றால் பிள்ளைகளோடு சேர்ந்திருந்து சாப்பிடுங்கள். விற்பதற்கென்றால் ஒரு கொப்பியை எடுத்து, மா, சீனிக்கு முன்னால், முதல் வரியிலேயே "கைவேலை" என்று எழுதிவிட்டு அடுப்பை மூட்டுங்கள்.